மோர்ப் பந்தலில் நின்ற கோழி வண்டி

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள், வேண்டாம் என்றேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வடிகட்டாத தண்ணீரை நான் குடிப்பதில்லை. பிறந்த வீட்டிலிருந்தே அப்படிப் பழக்கம். வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் பானை வாயில் கட்டி, நிதானமாக ஊற்றவேண்டும். துணியில் தங்கியதை எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடவேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவையும் உயிர்கள்தானே.

நான் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. அவருக்கு எதற்குச் சிரமம். எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. நானே எழுதித் தருகிறேன்.

பெயர் கனகமாலா. வயது அறுபத்து மூன்று. கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எங்கள் பிரிவிலிருந்து வருடத்துக்கு எத்தனையோ தாள்கள் போகும். அவற்றில் ஒன்றை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் நானே அடிப்பேன். 'மகாவீர் ஜெயந்தியை முன்னிட்டு அன்றைய தினம் இறைச்சிக் கடைகள் அனைத்தும் மூடப்பட வேண்டும், உயிர்வதை கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' முப்பத்தோரு வருடம் அடித்தேன். எங்கள் பிரிவில் சமணர் என்று, நயினார் வீட்டுப் பெண் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது இன்னொரு தாள்.

ஜெயந்தி அன்று காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, திரும்புகிற வழியில் கடைத்தெரு பக்கமாக நடந்து வருவேன். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். அதற்குக் கீழே நாலு ஜோடி செருப்பு தெரியும். ஒரு வருடம் இதை எங்கள் பிரிவு ராஜமாணிக்கத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மேடம், நீங்க மூடறது பேப்பர்ல. வயித்துக்கு யாரு மேடம் ஷட்டர் போடறது?"

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

இந்த வருடம் ஜெயந்திக்கு வழக்கம்போல வீட்டு வாசலில் மோர்ப் பந்தல் போட்டேன். வேலூர் சாலையைப் பார்த்த வீடு. புங்க மரத்தடியில் இரண்டு பானை மோர், இரண்டு பானை தண்ணீர். பந்தல் காலில் அந்த அறிவிப்பின் நகலையும் ஒட்டினேன். இப்போது வேறு யாரோ அடிக்கிறார்கள். வரிகள் மட்டும் என்னுடையவைதான். தம்பி மகன் ஜினேஷ் வந்து பானைகளைத் தூக்கி வைத்துவிட்டு ஊர்வலத்துக்குப் போனான். இரண்டு நாளில் பௌர்ணமி என்பதால் கிரிவலத்துக்கு வருகிற வண்டிகள் அப்போதே ஆரம்பித்திருந்தன. நிறையப் பேர் குடித்தார்கள்.

பதினொன்று பத்துக்குக் கோழி வண்டி வந்து நின்றது. மர நிழலைப் பந்தல் எடுத்துக்கொண்டதால் வண்டி வெயிலில் நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் சகாதேவன் என்று பிறகு தெரிந்தது. ஐம்பது வயது இருக்கும். தலையில் ஈரத் துண்டு.

"ஒரு டம்ளர் மோர் குடுங்கம்மா. தொண்டையெல்லாம் காஞ்சி போச்சி."

கொடுத்தேன். யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாத நாள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு பண்ணைம்மா. போளூருக்குப் போவுது. எப்பவும் ராத்திரில ஏத்தி, விடியறதுக்குள்ள எறக்கிடுவோம். இன்னிக்குக் கடை லீவு இல்லீங்களா? லீவுலியே சரக்க எறக்கிடு, விடிகாலைல வெட்டணும்னுட்டாங்க. அதான் பகல்ல மாட்டிக்கினேன்."

"வெயிலில் நிற்கிறதே?"

"நிக்கக் கூடாதுங்க. ஓடிக்கினே இருந்தா காத்து பூந்து வரும், அதுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. நின்னுட்டா அதுங்க சூடே அதுங்கள வேக வெச்சிடும். மூஞ்சி கழுவிக்கினு, மேல நாலு பக்கெட் தண்ணி வீசிட்டு, ஒரே அழுத்தா அழுத்திடுவேன். இன்னும் ஒண்ணு ஊத்துங்க. ரொம்பப் புண்ணியமாப் போவும் உங்களுக்கு."

இதை அவர் பதினொன்று பத்துக்கே சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவர் முகம் கழுவ வீட்டுப் பக்கவாட்டிலிருந்த குழாய்க்குப் போனார். நான் வண்டியருகே போனேன். அவ்வளவு பக்கத்தில் கோழி வண்டியை நான் பார்த்ததில்லை. நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு அடுக்கு. எண்ணூறு கோழிக்கு மேல் இருந்தன. ஓட்டை வழியே சில தலைகள் வெளியே வந்திருந்தன. அலகு எல்லாம் திறந்திருந்தது. ஒன்று என்னைப் பார்த்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. அது எதையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சாவி வண்டியிலேயே இருந்தது. அண்ணாமலையார் படம் போட்ட வளையம். எடுத்து இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். பெரிய யோசனை எதுவும் இல்லை. இன்று ஒரு நாள் இவை போகவேண்டாம் என்று தோன்றியது. என் பந்தலில் மோர் குடித்துவிட்டு, என் வாசலிலிருந்து வெட்டுக் கத்திக்குப் போகவேண்டாம் என்று தோன்றியது. திரும்பி வந்து டம்ளர்களைக் கழுவினேன்.

சகாதேவன் பக்கெட்டோடு வந்தார். நாலு வீச்சு வீசினார். ஏறி உட்கார்ந்தார். இறங்கினார். சட்டைப் பையைத் தட்டினார், வேட்டி மடிப்பைப் பார்த்தார், குழாயடிக்கு ஓடினார். எதிர்ச் சாரியில் டிபன் கடை வைத்திருக்கும் சந்திரம்மாள் சாலையைக் கடந்து வந்தாள். ஒன்பது வருடமாக எதிர் வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் அவள் வீட்டுக் குழம்பு வாசனை என் கூடம் வரை வரும். அதற்காக நாங்கள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை.

"இன்னாய்யா தேடற? பீடிய எங்க வெச்சோம்னு மட்டும் மறக்க மாட்டீங்க, சாவிய மறந்துடுவீங்க."

"நான் பீடி குடிக்கறதில்லக்கா. வண்டிலியே வெச்சேன். இப்பதான் வெச்சேன்."

மூன்று பேரும் தேடினோம். நானும் குனிந்து, பந்தலடியில் மணலைக் கையால் விலக்கித் தேடினேன். சந்திரம்மாள் சாக்கடையில் குச்சி விட்டுத் துழாவினாள்.

"அம்மா, நீங்க எங்கனாப் பாத்தீங்களா?" என்று சகாதேவன் கேட்டார்.

"கீழே எங்கும் இல்லை" என்றேன்.

அது உண்மை. பொய் சொல்லுவதில்லை என்று விரதம் எடுத்தவள் நான். ஆனால் அவர் மறுபடி கேட்பார், வேறு மாதிரி கேட்பார் என்று தெரிந்தது. எனவே பன்னிரண்டு மணிக்கு மௌன விரதம் எடுத்துக்கொண்டேன், பொழுது சாயும் வரைக்கும். ஜெயந்தி அன்று மௌனம் இருப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

"நல்லா நேரம் பாத்தாங்க இவங்க" என்றாள் சந்திரம்மாள்.

சகாதேவன் வண்டி முதலாளிக்குப் போன் செய்தார். மாற்றுச் சாவி முதலாளி அருள்ராஜிடம் இருக்கிறது, அவர் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், வர நாலு மணி ஆகும். 'நான் வருகிற வரை ஒரு கோழியைக்கூடத் தொடாதே' என்று அவர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. வண்டியை நிழலுக்குத் தள்ளலாம் என்று சாலையில் போனவர்களைக் கூப்பிட்டார்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருந்தது. வண்டி ஒரு முழம் நகர்ந்து பந்தல் காலில் இடித்து நின்றது. தள்ள வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

"மோட்டாரப் போடுங்கம்மா. குழாய வெச்சி அடிச்சிக் குளுப்பாட்டிடலாம்" என்றாள் சந்திரம்மாள். அவள் வீட்டில் அன்று தண்ணீர் வரவில்லை, என் குழாயிலும் தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது.

நான் தண்ணீர் தரவில்லை என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது சரியல்ல. மோட்டாரைத்தான் போடவில்லை. மோட்டார் தண்ணீரை வடிகட்ட முடியாது. ஓர் உயிரைக் காப்பாற்ற இன்னும் எத்தனையோ உயிரைச் சிந்துவது எனக்கு உடன்பாடில்லை. கிணற்றில் சேந்தி, துணி கட்டி, வடிகட்டிக் கொடுத்தேன். என் வயதுக்கு ஒரு பக்கெட் நிறையக் கால் மணி நேரம் ஆகும். ஆறு பக்கெட் கொடுத்தேன்.

சகாதேவன் ஐந்தாவது பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"தெளிச்சா வண்டி ஓடணும்மா. நின்னுக்கினே தெளிச்சா இட்லிப் பானைல வெச்ச மாரி அவிஞ்சிடும். குடிக்க வெக்கலாம்னா எந்தப் பெட்டிய எறக்கறது, எதுக்கு வாய்ல ஊத்தறது? ஐயோ, சாவி எங்கம்மா போயிருக்கும்?"

எனக்குப் பதில் சொல்ல வழியில்லை. மௌனத்தில் இருந்தேன்.

பிறகு அவர்கள் இருவரும் விசிறினார்கள். அவரிடம் துண்டு, அவளிடம் முறம். எண்ணூறு கோழிக்கு ஒரு துண்டும் ஒரு முறமும். அவர் வண்டியின் இந்தப் பக்கம் விசிறினால் அந்தப் பக்கம் சத்தம் எழும். அந்தப் பக்கம் ஓடுவார். மேல் அடுக்கில் நாலைந்து பெட்டியை இறக்கி மர நிழலில் வைத்தார்கள். இறக்க இறக்கக் கீழ் அடுக்கில் சாய ஆரம்பித்தன.

நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து ஒரு கோழியைத் தூக்கிப் பந்தலடியில் விட்டேன். ஓடிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். கையில் சோற்றுப் பானை மாதிரி சூடாக இருந்தது. விட்ட இடத்திலேயே உட்கார்ந்தது.

"அதுக்கு நடக்க வராதும்மா. முப்பத்தெட்டு நாள்ல ரெண்டு கிலோ ஏத்தி வுட்டாங்க. காலு தாங்காது" என்றார் சகாதேவன்.

அது உட்கார்ந்தபடியே நிழலில் செத்துப்போனது. மணி ஒன்று இருபது. நான் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை மனதுக்குள் சொன்னேன். பிறகு ஒவ்வொரு அடுக்கையும் பார்த்து அதற்கும் சொன்னேன். அதற்குள் சத்தம் குறைந்துவிட்டிருந்தது. பன்னிரண்டரைக்கு ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஒன்றரைக்குச் சாலையில் பஸ் போகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவை கொஞ்சம் அமைதியாகிவிட்டன என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சகாதேவன் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இதுக்கு மேலப் பாக்க முடிலம்மா. இந்த அடுக்கு பொழைக்காது. கண்ணு சொருவிடுச்சி, ஆனா துடிக்குது. கழுத்தத் திருகி வுட்டுட்றேன். கறிக்கு இல்ல. கஷ்டப்படாமப் போவட்டும். மொதலாளி திட்டுனா திட்டிட்டுப் போறாரு."

ஒரு பெட்டியின் மூடியில் கை வைத்தார். நான் குறுக்கே போய் நின்றேன். தலையை ஆட்டினேன். அவர் புரியாமல் பார்த்தார். பந்தல் காலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கை காட்டினேன். எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். "உயிர்வதை கூடாது. மீறினால்... நடவடிக்கை... எடுக்கப்படும்." கீழே முத்திரையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். முத்திரைக்கு அந்த மரியாதை கொடுத்து ஒருவர் கையை எடுத்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

பிறகு சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதார். கோழி ஏற்றுவதே தொழிலாக இருப்பவர். தினமும் வெட்டுகிற இடத்தில் இறக்கிவிட்டு வருகிறவர். அவர் எதற்காக அழுதார் என்பது எனக்கு விளங்கவில்லை.

சந்திரம்மாள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"எறும்பு போனா நின்னு வழி வுட்டுட்டு நடப்பீங்களேம்மா. இதுங்க உங்களுக்கு இன்னா பண்ணுச்சி? நான் தின்றவதான். இல்லன்னு சொல்லல. ஆனா இப்புடிச் சாவடிச்சித் தின்ன மாட்டேன்."

அவளிடமும் நான் கோபப்படவில்லை.

இரண்டு மணிக்கு ஜினேஷ் பிரசாதத்தோடு வந்தான். வண்டியைப் பார்த்தான், சகாதேவனிடம் விவரம் கேட்டான், மரத்தடியில் கிடந்தவற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே நான் வளர்த்த பிள்ளை. என் முகம் அவனுக்கு மனப்பாடம்.

"அத்தை, நான் வந்ததுலேர்ந்து இடுப்புலியே கை வெச்சிக்கினு இருக்கீங்க. இன்னா அங்க?"

மௌனம் என்று தாளைக் காட்டினேன்.

"மௌனம் வாய்க்குத்தான். கைக்கு இல்ல. எடுத்துக் குடுங்க." மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான். அதற்காக இன்னும் அவனிடம் எனக்கு நன்றி உண்டு. "அத்தை, குடுத்தா போளூருக்குப் போவும், விடிஞ்சா வெட்டுவாங்க, அந்தப் பாவம் நமக்கு வேணாம்னு நெனைக்கறீங்க. அதுங்களுக்கு விடியற வரைக்குமாச்சும் உயிர் இருக்குதே. அத இப்ப நீங்க எடுக்கறீங்க. நம்ம சாஸ்திரத்துல எங்க இருக்கு இது? பாதி இன்னும் மூச்சு வுடுது. குடுங்க அத்தை. உங்க கால்ல வுழறேன்."

விழுந்தான். நான் காலை நகர்த்திக்கொண்டேன். உள்ளே போய்ப் பூஜை அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். பெரியவளை இழுத்துப் பறிக்கிற பிள்ளையாக நாங்கள் அவனை வளர்க்கவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரம் என்று கவனிக்கவில்லை. ஜபத்தில் இருந்தேன்.

அருள்ராஜ் நாலேகாலுக்கு வந்தார். வண்டி உடனே கிளம்பியது, அதில் ஒரு கோளாறும் இல்லை. உயிரோடு இருந்தவை பத்தொன்பது. அவை மறுநாள் காலை என்ன ஆயின என்று நான் விசாரிக்கவில்லை. அறிவிப்பு ஒரு நாளுக்குத்தான். நான் பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டு முடித்தேன். பசி இருந்தது.

அருள்ராஜ் உங்களிடம் கொடுத்த புகாரில் ஓட்டுநரின் அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறார். சகாதேவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அவர் மூன்று நாளாகத் தினமும் வந்து என் வாசல் மணலைச் சலித்துக்கொண்டிருக்கிறார். சாவி கிடைத்துவிட்டால் தன் பேர் மீண்டுவிடும் என்கிறார். நேற்று நான் வடிகட்டி வைத்த தண்ணீரைக் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குடித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜினேஷ் தன் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறான். இப்போது அவன் என் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

வயதானவர்கள், ஞாபக மறதியாக எடுத்து வைத்துவிட்டீர்கள் என்று எழுதிக்கொள்ளலாமா என்று பரிவோடு கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. என் ஞாபகத்தில் குறை இல்லை. இதோ சாவி. வளையத்தோடு மேசைமேல் வைத்திருக்கிறேன். பதினொன்று பத்திலிருந்து இது என்னிடம்தான் இருந்தது. நின்றால் சாகும் என்று எனக்குத் தெரியும். சாவது தெரிந்த பிறகும் வைத்திருந்தேன். கழுத்தைத் திருக வந்தவரையும் தடுத்தேன். எவர் வற்புறுத்தலும் இல்லாமல், முழு நினைவோடு, நானே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்ளுங்கள். மேலே 'எண்ணூறு கோழிகளைக் கொன்ற வழக்கு' என்று ரைட்டர் தலைப்புப் போட்டிருக்கிறார். அன்று என் வாசலில் ஒன்றின்மேலும் கத்தி படவில்லை, ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. அந்த அறிவிப்பு ஓர் எழுத்துப் பிசகாமல் நடந்தது, முப்பத்தோரு வருடம் நான் அடித்துக் கொடுத்தபோது அல்ல, இந்த ஒரு முறைதான்.